பெரியப்பாவுடன் ஒரு பம்பாய்ச் சாப்பாட்டுச் சுற்று

போன டிசம்பரில் அம்பாசமுத்திரத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். வயது 82. 1964ல் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குப் பம்பாய் வந்தவர். 1974ல் மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் இங்கே குடியேறி 23 வருஷம் ஆகிறது, எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஏதாவது சாக்கு சொல்லிவிடுவார். இந்தத் தடவை அவராகவே "டிக்கெட் போடுடே" என்றார்.

நானும் வழக்கம்போல கேட்வே, எலிஃபண்டா குகை, சித்தி விநாயகர் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். மனுஷர் ஒரே வார்த்தையில் கலைத்துவிட்டார்.

"அதெல்லாம் கல்லுடே. நான் சாப்பிட்ட கடை ஏதாவது இன்னும் இருக்கான்னு பாப்போம், வா."

அப்படித்தான் ஆரம்பித்தது இந்த மூன்று நாள் சுற்று. வீட்டுக்காரிக்கு லீவு கிடைக்கவில்லை, பெண்ணுக்குப் பரீட்சை. ஆகவே நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

முதல் நாள், வேறெங்கே, மாட்டுங்காதான். இங்கே குடும்பத்தோடு இருக்கும் எல்லாத் தமிழர்களுக்கும் மாட்டுங்கா ஒரு தாய்வீடு மாதிரி. வாழையிலை, பூ, காப்பிப்பொடி, கருவேப்பிலை எது வேண்டுமென்றாலும் அங்கே ஓடுவோம். ஆனால் அங்கே எப்படி நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. எல்லாம் பிளேக் நோயின் புண்ணியம். 1896ல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நெருக்கடியான தென்பம்பாயை விட்டு வடக்கே காற்றோட்டமாக வீடு கட்டவேண்டும் என்று 1898ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் நேர் நேரான தெருக்களும் மரங்களும் வந்தது அந்த டிரஸ்ட்டின் திட்டத்தால்தான். அந்த வீடுகளில் வந்து குடியேறியவர்களில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறிய தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பையன்கள் ஏராளம். 1932ல் சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி ஆரம்பித்து, பள்ளிக்கூடமும் நடத்தினார்கள்.

பையன்கள் வந்தார்கள் என்றேன் அல்லவா? கவனிக்கவேண்டிய விஷயம் அதுதான். வந்தது தனியாள்கள். சமைக்கத் தெரியாது, தெரிந்தாலும் நாலு பேர் படுக்கும் அறையில் அடுப்பு மூட்ட வழியில்லை. அவர்களுக்குச் சோறு போட வந்தவர்கள்தான் நாம் இன்று குடும்பத்தோடு க்யூவில் நின்று பேர் கொடுத்துவிட்டுச் சாப்பிடும் ஹோட்டல்காரர்கள்.

கஃபே மெட்ராஸ் 1940ல் தொடங்கியது. பெயரைப் பார்த்து நம்மாள் கடை என்று ரொம்ப வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடத்துவது காமத் குடும்பம், கொங்கணி பேசும் கன்னடக் கடற்கரைக்காரர்கள். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய மாடியில் இருக்கும் ராமநாயக்கின் உடிப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942ல் வந்தது. அதுவும் உடுப்பிப் பக்கத்துக்காரர் கடைதான். அதாவது தமிழன் பசிக்குக் கன்னடக் கடற்கரைக்காரர் கடை போட்டு, மெட்ராஸ் என்று போர்டும் மாட்டினார். வட இந்தியாக்காரர்களுக்கு விந்தியத்துக்குத் தெற்கே எல்லாருமே மதராஸி என்று நாம் கோபித்துக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் அந்தப் பெயரே ஒரு நல்ல வியாபார முத்திரையாகவும் இருந்திருக்கிறது :-)

ராமநாயக்கில் இலை போட்டதும் பெரியப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ரசத்துக்கு வந்ததும்தான், "அப்பவும் இப்படித்தான். பக்கத்தில இருக்கவன் யாருன்னே பாக்க மாட்டோம். இலையைப் பாத்துச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவோம். வாசல்ல ஆள் நிப்பாம்லா" என்றார்.

வெளியே வந்தபோது தன் பழைய மெஸ் இருந்த தெருவைக் காட்டினார். மெஸ் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கும் கடை இருந்தது.

இரண்டாம் நாள் ஃபோர்ட், தோபி தலாவ். பெரியப்பா ஆபீஸ் இருந்த பகுதி. போகிற வழியில் லால்பாக், பரேல் மேம்பாலத்தில் டாக்சி ஏறியது. கீழே ஒரு காலத்தில் பூரா பஞ்சாலைகள். கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்த தனியாள்களுக்கு அங்கே 'கானாவள்' என்று வீட்டிலேயே பெண்கள் சமைத்துப் போடும் இடங்கள் இருந்தன. மாதக் கணக்கு. கந்துவட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்களைச் சேர்த்து 1975ல் பிரேமா புரவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி அன்னபூர்ணா மகிளா மண்டல் ஆரம்பித்தார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் இறங்கினார்கள், ஆலைகள் படுத்தன, கானாவளும் படுத்தது. இன்றைக்கு ஆலை வளாகங்களில் மாலும் பப்பும்தான். 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி பப்பில் தீப்பிடித்து 14 பேர் இறந்தது நினைவிருக்கும். பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

தோபி தலாவில் கயானி. 1904ல் ஆரம்பித்த ஈரானிக் கடை. பன் மஸ்காவும் டீயும். ஈரானிலிருந்து, முக்கியமாக யஜ்த், கெர்மான் பக்கத்திலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த ஜொராஸ்டிரியர்கள் இவர்கள். இங்கே நூற்றாண்டுக் கணக்கில் இருந்த பார்சிகளுக்கு மதத்தால் உறவு, ஆனால் பிந்தி வந்த ஏழை உறவு. தெருமுனைக் கடைகள் ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் ஒதுக்கியதால் அவை இவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பழைய ஈரானிக் கடை பெரும்பாலும் முனையில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் வாசல், பளிங்கு மேஜை, வளைந்த மர நாற்காலி.

பெரியப்பா அந்தப் பளிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இங்கதான்டே மொத மொதல்ல எதுக்க இருக்கவன் மூஞ்சியப் பாத்தேன். ஒரு டீய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காரலாம். முஸ்லிம் இருப்பான், பார்சி இருப்பான், டாக்சிக்காரன் இருப்பான். எங்க ஆபீஸ் பியூனும் நானும் ஒரே மேஜையில உக்காந்தது இங்கதான். மாட்டுங்கா மெஸ்ஸுக்கு அவன் வரமாட்டான். நானும் கூப்பிட்டதில்ல."

கடைசி இரண்டு வாக்கியங்களை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கயானிக்குச் சற்றுத் தள்ளி ஜெர் மஹால் என்று ஒரு பழைய கட்டடம். அதற்குள் 'கூட்' என்று சொல்லப்படும் கோவாக்கார கிளப்புகள். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கூட். கப்பலில் வேலைக்குப் போகும் கோவாக்காரன் கப்பல் கிடைக்கும்வரை தன் ஊர் கூட்டில் தங்குவான். பெட்டியை வைத்துவிட்டு ஜெபமாலை சொல்லிவிட்டுப் படுப்பான். அவர்களும் தனியாள்கள்தான். இந்த ஊரே தனியாள்களுக்காகக் கட்டியது போலிருக்கிறது. நாமெல்லாம் பிற்பாடு குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டோம்.

சாயங்காலம் பெரியப்பா மெல்ல, "பீர் ஒண்ணு குடிக்கலாமாடே? சின்ன கிளாஸ்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் அவர் கோயில் தர்மகர்த்தா மாதிரி! ஃபோர்ட்டில் 1933லிருந்து இருக்கும் கஃபே மிலிட்டரிக்குக் கூட்டிப்போனேன். அதுவும் ஈரானிக் கடைதான், பீர் கிடைக்கும். இப்படி பீருக்கு மாறிய ஈரானிக் கடைகள் சில பிழைத்தன. டீயை மட்டும் நம்பியிருந்தவற்றில் பல மூடின.

உட்கார்ந்ததும் கேட்டார்: "பெர்மிட் இருக்காடே?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். மகாராஷ்டிராவில் பார்களுக்கு 'பெர்மிட் ரூம்' என்று போர்டு இருப்பதைப் புதிதாக வந்த எல்லாரும் பார்த்து விழித்திருப்போம். 1949ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் முழு மதுவிலக்கு. (அதற்கு முன்னாலேயே 1939 ஆகஸ்டில் காங்கிரஸ் மந்திரிசபை ஒரு தடவை முயன்றது, நிலைக்கவில்லை.) எஃப்.என். பல்சாரா என்ற பார்சிக்காரர் வழக்குப் போட்டு, 1951ல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தின் முக்கிய பாகத்தை ஒப்புக்கொண்டு, ஆல்கஹால் கலந்த மருந்தையும் வாசனைத் திரவியத்தையும் தடைசெய்யும் பகுதியை மட்டும் நீக்கியது. ஆக, ஓடிகோலோன் தப்பியது. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் 'ஹெல்த் பெர்மிட்'. திடீரென்று பம்பாயில் எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1963 கடைசியில் வசந்தராவ் நாயக் முதலமைச்சரானபிறகு கெடுபிடியைத் தளர்த்தினார்கள். ஆனால் சட்டத்தை ரத்து செய்யவில்லை. இன்றும் சட்டப்படி குடிக்க பெர்மிட் வேண்டும். ஒரு நாள் பெர்மிட், ஒரு வருஷ பெர்மிட், ஆயுள் பெர்மிட் என்று வகைகூட உண்டு.

நம் பையன்களுக்கு இது புதிதில்லை. ராஜாஜி 1937ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் மெட்ராஸ் மாகாணம் பூராவும் வந்து, 1971 வரை இருந்தது. ஒரு வறண்ட ஊரிலிருந்து ரயிலேறி இன்னொரு வறண்ட ஊரில் இறங்கியவர்கள் அவர்கள்.

"அப்ப நீங்க எங்க பெரியப்பா குடிச்சீங்க?"

"ஆண்டி வீட்ல."

'ஆண்டி பார்' என்பது பம்பாய் சரித்திரத்தில் தனி அத்தியாயம். பாந்திரா, மாஹிம், தோபி தலாவ் பகுதிகளில் கோவா, கிழக்கிந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் வீட்டு முன்னறையில் நாலு ஸ்டூல் போட்டுச் சாராயம் ஊற்றுவார்கள். சுவரில் ஏசு படம், தொட்டுக்க அவித்த முட்டை, கடலை. பெரும்பாலும் விதவைகள், அல்லது புருஷன் கப்பலில் இருப்பவர்கள். அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? நிறைய தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வந்தது. மோட்டார் டயர் ட்யூபில் அடைத்து, உடம்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அந்த வியாபாரத்தில் பெரிய ஆளானவர்தான் வரதராஜ முதலியார். வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்து தொடங்கியவர், மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பிரம்மாண்டமாகப் பிள்ளையார் வைத்தவர், 1988ல் மெட்ராஸில் இறந்தார். 'நாயகன்' வந்தது 1987ல். அந்தப் படத்தைப் பெருமையாகப் பார்க்கும் நாம், மதுவிலக்கு என்ற ஒரு சட்டம் இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களையும் சேர்த்துத்தான் மறக்கிறோம்.

பெரியப்பா பாதி கிளாஸோடு நிறுத்திக்கொண்டார். பிறகு மேஜையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒண்ணு பாத்துக்க. ஆண்டி வீட்டுச் சாராயம் எவன் காய்ச்சுனான்னு நாங்க ஒருத்தனும் கேட்டதில்ல. மாட்டுங்கா பூரா அதக் குடிச்சான். ஆனா அதே தாராவியில செஞ்ச இட்லியத் தின்ன மாட்டான்."

அப்புறம்தான் 1969 கதை வந்தது.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. 1960ல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' பத்திரிகையில் கம்பெனி அதிகாரிகளின் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டார்கள். 1966 ஜூனில் சிவசேனா. 'லுங்கி ஹடாவோ' கோஷம். உடுப்பி ஹோட்டல்கள் மீது கல். அதே 1966 வாக்கில்தான் தாதர் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் பிறந்தது என்பார்கள், அது வேறு கதை. 1969 பிப்ரவரியில் மகாராஷ்டிரா மைசூர் எல்லைப் பிரச்சினையை வைத்து நகரத்தில் சில நாட்கள் பெரிய கலவரம். பலர் செத்தார்கள். தென்னிந்தியக் கடைகள் என்றாலே அடி.

"மெஸ்ஸு ஷட்டர இறக்கிட்டான். ரெண்டு நாள் அறையில பிரெட்டுத் தின்னுக்கிட்டுக் கெடந்தோம். ரோட்டுல தமிழ் பேசப் பயம். மூணாம் நாள் ராத்திரி அந்த பியூன் வந்தான், எங்க ஆபீஸ்காரன். நடந்தே வந்திருக்கான். 'சார், நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல, வாங்க'ன்னான். தண்டவாளத்தத் தாண்டுனா தாராவி. அஞ்சு வருஷமா பக்கத்துல இருந்தும் நான் அதுக்குள்ள போனதில்ல. அவன் திருநெல்வேலி ஜில்லாதான், கல்லிடைக்குறிச்சிப் பக்கம். நான் எந்தத் தெரு, அவன் எந்தத் தெருன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவன் பொண்டாட்டி இட்லி அவிச்சுப் போட்டா. நாலு நாள் அங்கதான் சாப்பிட்டேன், அங்கதான் படுத்தேன். அவ என்கிட்ட பேசவே இல்ல. எங்க வேண்டாம்னு சொல்லிருவேனோன்னு தட்டையே பாத்துக்கிட்டு நிப்பா."

"பிறகு?"

"பிறகென்ன. மெஸ்ஸு தொறந்துட்டான். நான் போயிட்டேன். அவன ஒரு நாளும் என் அறைக்குக் கூப்பிடல. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கல. ஊர்ல ஒருத்தர்ட்டயும் சொல்லல. எங்கம்மைக்குத் தெரிஞ்சா குளிக்கச் சொல்லியிருப்பா."

தாராவித் தமிழர்களின் கதை மாட்டுங்காவுக்கு முந்தியது. தோல் பதனிடும் தொழிலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலி ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அங்கே வந்துவிட்டார்கள். அங்குள்ள பெரிய மசூதி 1887ஐச் சேர்ந்தது, பிள்ளையார் கோயில் 1913. டைப்ரைட்டிங் பையன்கள் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே இங்கே பழைய குடி. இரண்டு தமிழ் ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு தண்டவாளம். பம்பாய்த் தமிழர் சாதனை என்று நாம் சங்க விழாக்களில் பேசும்போது சண்முகானந்தா ஹாலைச் சொல்வோம், பள்ளிக்கூடத்தைச் சொல்வோம், கன்னடக்காரர் ஹோட்டலைக்கூட நம்முடையதாகச் சேர்த்துக்கொள்வோம். விடியற்காலையில் தாராவியில் இட்லி அவித்து, அண்டாவைச் சைக்கிளில் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு நகரம் பூரா விற்கும் நம் ஆட்களைச் சொல்லமாட்டோம். நானும் சொன்னதில்லை. ஆபீஸ் வாசலில் அந்த இட்லியை 23 வருஷமாகத் தின்கிறேன்.

மூன்றாம் நாள் அவராகவே கிளம்பி நின்றார். 90 அடி ரோட்டில் டாக்சியை விட்டுவிட்டு நடந்தோம். எங்கு பார்த்தாலும் தமிழ் போர்டு, தமிழ்க் குரல். கதவுகளில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பின் எண்கள். 56 வருஷத்துக்கு முந்தைய ஒரு சந்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியப்பா அந்த நண்பரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லி ஒவ்வொரு டீக்கடையாகக் கேட்டார். (பெயரை நான் இங்கே எழுதவில்லை.) ஒரு முதியவர் யோசித்து, அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார், ஆபீஸ் வேலைதான், இறந்து பதினைந்து வருஷம் இருக்கும், பையன்கள் கல்யாண் பக்கம் போய்விட்டார்கள் என்றார். அது இவர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சந்து இருந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நின்றது.

பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் அப்போதுதான் இட்லிக் கொப்பரையைத் திறந்தார்கள். வியாபாரம் காலையோடு முடிந்துவிட்டது, இது வீட்டுக்கு என்று அந்தம்மா சொன்னார். பெரியப்பா நகராமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு தாத்தா?" என்றார். "அம்பாசமுத்திரம்மா." "அட, எங்க ஆத்தாவுக்கு வீரவநல்லூரு. உக்காருங்க." ஸ்டூல் போட்டு, நாலு இட்லி, மிளகாய்ச் சட்னி. பெரியப்பா நிதானமாகச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். நான் பணம் எடுத்தபோது அந்தம்மா வாங்கவில்லை, பெரியப்பாவும் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

ராத்திரி ஊரிலிருந்து பெரியம்மாவின் போன். வழக்கமான விசாரணை. மாத்திரை போட்டீங்களா, குளிருதா, என்ன சாப்பிட்டீங்க.

"இட்லி" என்றார்.

"ஹோட்டல்லயா?"

பெரியப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "இல்ல. தாராவியில, ஒரு வீட்ல" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஊருக்கு வந்து சொல்லுதேன். பழைய கதை ஒண்ணு இருக்கு" என்று போனை வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.